ஃபெரியின் மேல்தட்டில் நடந்த ஆபீஸ்

மகேஸ் அக்கா அன்றைக்கு ஓர் அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஃபெரியின் மேல்தட்டில் உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குள் ஒரு மேசை விசிறி, கைப்பிடி உடைந்த குவளை, சில பழைய பிஸ்கட் டின்கள். பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த இடத்திலிருந்து அவர் எடுத்து வந்தது அவ்வளவுதான்.

அவருக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் மலாய்க்கார மைமூனா, நாங்கள் காக் மூனா, அதாவது மூனா அக்கா, என்று கூப்பிடுவோம். மூன்று பேரும் சேர்ந்து கடலைத் தாண்டி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மழைக்கு மூட்டம் போட்ட வானம். டீசல் வாடையோடு கலந்த உப்புக் காற்று. காக் மூனா ஒரு காகிதக் கூம்பை நீட்டினார். உள்ளே கச்சாங் பூத்தே, உப்புப் போட்டு வறுத்த கடலை.

“எடு மகேஸ். மூஞ்சி தூக்கி வெச்சா ஃபெரி சீக்கிரம் போகுமா?”

அக்கா ஒரு கடலையை எடுத்தார். வாயில் போடாமல் விரலுக்குள் உருட்டிக்கொண்டே இருந்தார்.

அது அவருடைய கடைசி நாள். மறுநாளிலிருந்து எங்கள் பிரிவே இல்லை.

பிள்ளைகளே, இந்தக் கதையை எழுதுவதா வேண்டாமா என்று ரொம்ப நாள் தள்ளிப் போட்டேன். போன வாரம் உங்களில் மூத்தவள் கோலாலம்பூரிலிருந்து போன் பண்ணினாள். “அப்பா, எங்க ஆபீஸ்ல புரோகிராம் எழுதற முறையையே மாத்தப் போறாங்களாம். எந்தப் பக்கம் போறதுன்னு மீட்டிங் மேல மீட்டிங். தலை வலிக்குது லா” என்றாள். “நல்லா யோசிச்சுச் செய்யுங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான், சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லையே என்று தோன்றியது. அதனால், வாரா வாரம் உங்களுக்கு எழுதுவதில் இந்த வாரம் இது.

மாடியில் ஒரு குளிர்ந்த அறை

நான் பஞ்ச் கார்டு அடிக்கிற ஆளாகச் சேர்ந்த கதையை முன்பே எழுதிவிட்டேன். ஐந்தாம் படிவத்தோடு படிப்பு நின்றவன் நான். கார்டு போய்த் திரை வந்ததும் என்னைச் சரிபார்க்கிற வேலையில் போட்டார்கள். மற்றவர்கள் எழுதும் புரோகிராமை ஓட்டிப் பார்த்து, எங்கே உதைக்கிறது என்று சொல்ல வேண்டும். மென்பொருள் என்ற சொல்லெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது.

எங்கள் கம்பெனி தீவில், பீச் ஸ்திரீட்டுக்குப் பின்னால், ஒரு பழைய கிடங்கின் மாடியில் இருந்தது. கீழே டைப்ரைட்டரும் கால்குலேட்டரும் விற்பார்கள். மேலே கம்ப்யூட்டர் பிரிவு. அந்தக் கட்டடத்திலேயே ஏர்கோன் அங்கே மட்டும்தான். மனிதர்களுக்காக இல்லை, மிஷினுக்காக. வெயில் நேரத்தில் கீழே இருப்பவர்கள் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு மேலே வந்து நிற்பார்கள்.

பிரிவை நடத்தியவர் மகேஸ் அக்கா. முழுப் பெயர் மகேஸ்வரி. ஊர் கடலுக்கு அந்தப் பக்கம், புக்கிட் மெர்தாஜாம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் ஆகாத அக்கா அந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டு, தினமும் பஸ்ஸிலும் ஃபெரியிலும் வந்து போனார். அந்தப் பிரிவு ஒரே ஒரு மிஷினோடு தொடங்கிய நாளிலிருந்து அவர் இருந்தார். புதிதாக வருகிற சீனப் பையன்களுக்குப் புரோகிராம் எழுதக் கற்றுக் கொடுத்ததும் அவர்தான். அவர்கள் சம்பளம் கூடக் கிடைக்கும் என்று சிங்கப்பூருக்கு ஓடினால், “போகட்டும், நல்லாய் இருக்கட்டும்” என்று அடுத்தவனைக் கூட்டி உட்கார வைப்பார்.

என் ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரிப்பார். “தம்பி, நீர் எழுதின ரிப்போர்ட்டை வாசிக்கிறதிலும் பார்க்க, நீர் கதைக்கிறதைக் கேக்கிறது சுகம்” என்பார். கோபம் வராது. உண்மை அதுதானே.

பஸ் புரோகிராம்

எங்களுக்கு வாடிக்கையாளர்கள் பல பேர். ஐஸ் அறை வைத்திருந்தவர், டயர் வியாபாரி, துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகிறவர். எல்லாரிலும் பெரியது, பாயான் லெப்பாஸ் பக்கம் இருந்த ஒரு எலெக்ட்ரோனிக் தொழிற்சாலை. பெயர் வேண்டாம்.

அந்தத் தொழிற்சாலையில் பெண்கள் ஷிப்ட் முறையில் வேலை செய்தார்கள். உங்கள் அம்மாவும் அவர்களில் ஒருத்தி. அவர்களை வீட்டுப் பக்கத்திலிருந்து ஏற்றி இறக்கக் கம்பெனி பஸ் ஓடியது. எந்த வாரம், எந்த ஷிப்ட், எந்தப் பஸ், எந்த இடத்தில் யார் ஏற வேண்டும் என்பதை எங்கள் புரோகிராம் சொல்லும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அச்சடித்து அனுப்புவோம். டிரைவர்கள் அதைப் பார்த்துத்தான் ஓட்டுவார்கள்.

கேட்பதற்கு லேசான வேலை. ஆனால் பெண்கள் வீடு மாறுவார்கள், ஷிப்ட் மாறுவார்கள், கல்யாணம் ஆகிப் போவார்கள். சாலையைத் தோண்டுவார்கள். நோன்பு மாதத்தில் ஷிப்ட் நேரமே அரை மணி முன்னால் போகும்.

தொழிற்சாலையில் இந்தப் பஸ் காரியங்களைப் பார்த்தவர்தான் காக் மூனா. நாம் குடியிருந்த பாகான் டாலாமில், தமிழ் வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவர். தமிழ் கொச்சையாக வரும், ஆனால் வண்டி வண்டியாக வரும். அவருக்கு ஆபீஸ் நேரம் என்பதால் ஷிப்ட் பஸ் ஒத்து வராது. சாயங்காலம் டவுன் பஸ்ஸில் ஃபெரி நிற்கும் துறையான ஜெட்டிக்கு வந்து, எங்களோடு ஏறுவார்.

கடலுக்கு மேல் பாலம் திறந்த பிறகும் நாங்கள் ஃபெரிதான். கார் இல்லாதவனுக்குப் பாலம் எதற்கு?

மேல்தட்டில் ஓர் ஓரமாக மூன்று பேரும் உட்கார்ந்துகொள்வோம். காக் மூனா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டுவார். பிறகு ஊர்க்கதை ஆரம்பமாகும். யார் வீட்டில் கெண்டூரி விருந்து, எந்த லைனில் சூப்பர்வைசரோடு சண்டை, யார் மாசமாக இருக்கிறாள். அதற்கு நடுவே, “ஹா, மகேஸ், அடுத்த வாரம் அந்த மரத்தடி ஸ்டாப் வேணாம். அங்கே நாய் தொல்லை. பொண்ணுங்க பயப்படுது” என்பார்.

“அப்ப எங்க நிப்பினம்?”

“பள்ளிக்கூட வாசல்.”

“மழை பெய்தா?”

அக்கா எப்போதும் அதைக் கேட்பார். எந்த இடத்தைச் சொன்னாலும், மழை பெய்தா?

“மழை பெய்ஞ்சா நனையும் லா! நீ என்ன, ஒவ்வொரு பொண்ணுக்கும் கொடை வாங்கிக் குடுப்பியா?”

“வாங்கிக் குடுக்கமாட்டன். கூரை உள்ள இடத்தில நிப்பாட்டுவன்” என்பார் அக்கா. மறுநாள் காலையில் மாற்றியிருப்பார். நான் ஓட்டிப் பார்ப்பேன். முடிந்தது.

நோன்பு மாதத்து அரை மணிக் கணக்கும் அப்படி ஒரு சாயங்காலம் காக் மூனா கொட்டாவியோடு சொன்னதுதான். யாரும் எழுதித் தரவில்லை.

இன்னொன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் பழைய அச்சுத் தாள்களை நான் ஜெட்டியில் கச்சாங் பூத்தே விற்ற அண்ணனுக்குக் கொடுப்பேன். அவர் அதில்தான் கூம்பு சுற்றுவார். ஒருநாள் காக் மூனா கடலையைத் தின்றுகொண்டே கூம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏய் மணியம்! இந்தப் பொண்ணு போன மாசமே வேலை விட்டுப் போச்சு. இன்னும் பஸ்ல ஏத்துறியே, பேயா?” என்று என்னைப் பார்த்துக் கத்தினார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. கடலை தீர்ந்ததும் அக்கா அந்தக் கூம்பைப் பிரித்து, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

பிஸ்கட் டின்கள்

எல்லாம் நன்றாக இருந்தது என்று சொன்னால் பொய். மற்ற வாடிக்கையாளர்களிடம் எங்கள் பெயர் கெட்டுக்கொண்டிருந்தது. ஐஸ் அறைக்காரருக்குச் சொன்ன நேரத்தில் கொடுக்க முடியவில்லை. கொடுத்தது அவர் கேட்டதாக இல்லை. டயர் வியாபாரி நேரே பெரிய முதலாளியிடமே போய்க் கத்தினார்.

பெரிய முதலாளிக்கு வயதாகிவிட்டது. மகன் ஜெஃப்ரி இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்திருந்தார். நல்ல மனிதர், அதையும் சொல்ல வேண்டும். எங்கள் எல்லாரையும் உட்கார வைத்து, “நாம் வேலை செய்யும் முறையைச் சரி செய்ய வேண்டும். எந்தத் திசையில் போகலாம் என்று எல்லாரும் சொல்லுங்கள்” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அதுவரை எங்களை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை.

மகேஸ் அக்கா அதற்குள்ளேயே ஒரு வேலை தொடங்கியிருந்தார். நோன்புப் பெருநாளான ஹரி ராயாவுக்குக் காக் மூனா கொடுத்த பிஸ்கட் டின்கள் அவரிடம் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு காகிதம் ஒட்டினார். சரியாய்க் கேக்கேல்ல. சரியாய் விளங்கேல்ல. சரியாய் எழுதேல்ல. சரியாய்ப் பாக்கேல்ல. ஒரு குறை வந்தால், அது எங்கே பிறந்தது என்று பார்த்து ஒரு துண்டில் எழுதி அந்த டின்னில் போடுவார். ‘சரியாய்ப் பாக்கேல்ல’ என் டின். அதில் துண்டு விழும்போதெல்லாம் எடுத்துப் படித்துப் பார்ப்பேன்.

சில மாதம் கழித்து அக்கா ஜெஃப்ரி முன்னால் டின்களைத் திறந்தார். ‘சரியாய் விளங்கேல்ல’ டின் நிரம்பி மூடி நிற்கவில்லை.

“இதில தான் தொடங்கவேணும்” என்றார் அக்கா. “எங்கட வருத்தத்துக்கு ஏத்த மருந்து. மற்றவையின்ர மருந்து எங்களுக்கு எதுக்கு?”

ஜெஃப்ரி டின்னுக்குள் கையை விட்டு ஒவ்வொரு துண்டாகப் படித்தார். கேலி பண்ணவில்லை. ஆனால் அவர் மனதில் வேறு இருந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகள் எல்லாம் தரச் சான்றிதழ் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் தொழிற்சாலையே நம்மை விட்டுவிடும் என்று அவர் பயந்தார். சிங்கப்பூரிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார். அவர் நீல நிற ஃபைல்களோடு வந்தார். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே முறை, ஏற்கெனவே எழுதி முடித்தது. அதன்படி நடந்தால் சான்றிதழ்.

நீல ஃபைல்தான் என்று முடிவானது.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அந்த இரண்டு திசையில் எது சரி என்று எத்தனையோ முறை எனக்குள் வாதாடியிருக்கிறேன். அக்காவின் வழியே மேல் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் டின்களைத் திறந்த அன்றைக்கு அந்த அறையில் இருந்த யாரும், அக்கா உட்பட, ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. எல்லா வாடிக்கையாளரின் துண்டுகளும் டின்களில் கிடந்தன. பஸ் புரோகிராமின் துண்டு மட்டும் தேடினாலும் ஒன்றிரண்டுதான். நோய் எங்கே என்று எல்லாரும் குனிந்து தேடினோம். இது மட்டும் ஏன் நோய் இல்லாமல் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

வேன்

புது முறையோடு ஒரு நல்லதும் வந்தது. பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கத்து ஆட்களுக்காக ஜெஃப்ரி ஒரு வேன் ஏற்பாடு செய்தார். பாலத்து வழியாகப் போய்வரும். ஏர்கோன் உண்டு. ஃபெரிக்குக் காத்திருந்து நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது அவர் எண்ணம். அன்பாகச் செய்தார்.

எங்களுக்கு ஒரே சந்தோஷம். சீக்கிரம் வீட்டுக்குப் போனேன், உங்களோடு விளையாடினேன். மூத்தவளுக்கு அந்த வேனின் ஹார்ன் சத்தம் நினைவிருக்கலாம். வேனில் ஏறினால் அக்கா கண்ணை மூடிக்கொள்வார். நானும் தூங்கிவிடுவேன்.

காக் மூனாவை ஒருநாள் பாகான் டாலாம் பாசாரில், சந்தையில், பார்த்தேன். கையில் மீன் பை.

“ஓஹோ, வேன் தொவான், பெரிய துரை வந்தாச்சு! இப்ப நம்மளையெல்லாம் கண்ணு தெரியுமா?”

“அப்படியெல்லாம் இல்ல காக். நீங்க எப்படி இருக்கீங்க?”

“நான் என்ன. கடல்ல தனியா போறேன். கடலைகூட ரெண்டு நாளைக்கு வருது.”

சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன்.

புது முறைப்படி, மாற்றம் எதுவானாலும் படிவம் வேண்டும். தொழிற்சாலை அதிகாரி கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். படிவம் ஆங்கிலத்தில். காக் மூனாவுக்கு ஆங்கிலம் எழுத வராது. அவர் மலாயில் சொல்ல, அதிகாரி நேரம் கிடைக்கும்போது ஆங்கிலத்தில் எழுதுவார். நாய் தொல்லை என்பது போய், ‘இடம் மாற்றவும்’ என்று மட்டும் வரும். எங்கே மாற்ற, ஏன் மாற்ற, மழை பெய்தால் என்ன, எதுவும் இருக்காது. அக்கா போனில் கேட்டால் அதிகாரி, “எழுதியதைச் செய்யுங்கள்” என்பார்.

சின்னச் சின்னத் தவறுகள் வர ஆரம்பித்தன. நோன்பு மாதம் முடிந்த பிறகும் ஒரு வாரம் பஸ் அரை மணி முன்னாலேயே போனது. இரண்டு பெண்களுக்கு ஒரே இருக்கை. ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம் நிரப்பினோம். நீல ஃபைல் தடித்துக்கொண்டே வந்தது. எங்கள் வேலை முன்னேறுகிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

கோயில் முன்னால் நின்றவர்கள்

சான்றிதழ் கொடுக்கிறவர்கள் பரிசோதனைக்கு வர ஒரு வாரம் இருந்தது. பாகான் டாலாமில் கால்வாய்க்காகச் சாலையைத் தோண்டப் போகிறார்கள் என்று செய்தி. ராத்திரிச் சாப்பாட்டில் உங்கள் அம்மா சொன்னாள்.

“காக் மூனா உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க. திங்கக்கிழமையிலேர்ந்து நாங்க மூலைக்கடைகிட்ட நிக்க முடியாது. கோயில் முன்னால நிக்கச் சொல்லி போர்டுல எழுதிப் போட்டுட்டாங்க.”

மறுநாள் காலையில் வேனிலேயே அக்காவிடம் சொன்னேன்.

“படிவம் வந்ததா?” என்றார்.

“இல்லக்கா. அதிகாரி லீவாம். வந்துதான் கையெழுத்துப் போடுவாராம்.”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினார். பாலத்துக் கம்பிகள் ஒவ்வொன்றாக ஜன்னலில் ஓடின.

“அக்கா, ஒரு வரிதானே. நீங்க மாத்துங்க, நான் ஓட்டிப் பாக்குறேன். படிவம் பின்னால வரட்டும்.”

“தம்பி, கேளும். இந்த முறை வேண்டாம் எண்டு அந்த மேசையில சொன்ன ஒரே ஆள் நான். இப்ப அவங்கள் பாக்க வாற வாரத்தில படிவம் இல்லாம நான் கை வைச்சா, வேணுமெண்டே கெடுத்தவள் எண்டு தான் சொல்லுவினம். வேற ஆர் செய்தாலும் மன்னிப்பினம். நான் செய்யேலாது.”

அவர் ஒருநாளும் முறையைத் திட்டியதில்லை. தோற்ற பிறகு எல்லாரையும்விட ஒழுங்காக அதைப் பின்பற்றியவர் அவர்தான். பையன்கள் படிவத்தில் ஒரு கட்டத்தை விட்டுவிட்டால் திருப்பி அனுப்புவார். அது அவருடைய மானம்.

அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போன் போட்டு, வேறு யாராவது கையெழுத்துப் போட முடியுமா என்று கேட்டார். இரண்டு தடவை கேட்டார். பார்க்கிறோம் என்றார்கள். வெள்ளிக்கிழமை வந்தது. பழைய இடத்தோடே அச்சடித்து அனுப்பினோம்.

திங்கட்கிழமை விடிகாலையில் நல்ல மழை. டிரைவர் புதிது. தாளில் போட்டிருந்த மூலைக்கடைக்குப் போகப் பார்த்தார், சாலை அடைத்திருந்தது. வேறு பக்கமாகச் சுற்றி வந்து ஹார்ன் அடித்தார். யாரும் இல்லை. அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்.

பெண்கள் கோயில் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கத்துக் கடையில் ஒதுங்கலாம். ஒதுங்கினால் பஸ் நிற்காமல் போய்விடுமோ என்று ஒருத்தியும் அசையவில்லை. நனைந்துகொண்டே நின்றிருக்கிறார்கள். வெளிச்சம் வந்த பிறகு, இனி பஸ் வராது என்று தெரிந்து, நடந்து, ஃபெரி பிடித்து, டவுன் பஸ் ஏறி, ஈரத் துணியோடு தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதி ஷிப்ட் முடிந்துவிட்டது. அவர்கள் வேலை பார்த்த லைன் அதுவரை ஓடவில்லை.

உங்கள் அம்மாவுக்கு அந்த வாரம் முழுக்கக் காய்ச்சல். “நான் சொன்னேன்ல” என்று ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு இன்றுவரை அதைப் பற்றிப் பேசியதில்லை.

அக்கா செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது அது ஒரு முறைதான். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். அம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு பழத்தை உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்தார். “மன்னிச்சுக்கொள்ளும் பிள்ளை” என்றார். அம்மா, “ஐயோ, என்னாக்கா இது, மழைக்கு நீங்க என்ன செய்வீங்க” என்றாள்.

ஒரு குறையும் இல்லை

அதே வாரம் பரிசோதனை நடந்தது. நீல ஃபைல்களை எல்லாம் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. குறிப்பாக, படிவம் இல்லாமல் ஒரு மாற்றம்கூடச் செய்யவில்லை என்று பாராட்டினார்கள். ஜெஃப்ரி எல்லாருக்கும் மீ கோரெங், வறுத்த நூடுல்ஸ், வரவழைத்தார். அக்கா ஒரு தட்டு வாங்கிக்கொண்டார், மேசையில் வைத்தார், அது ஆறிப் போனது.

பிறகு கொஞ்ச நாளில் தொழிற்சாலையிலிருந்து ஜெஃப்ரிக்குப் போன் வந்தது. அவர்களுடைய தலைமைக் கம்பெனி வெளிநாட்டிலிருந்து சொந்தப் புரோகிராம் அனுப்புகிறதாம். இனி நம்முடையது வேண்டாம். கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம்.

பெரிய வாடிக்கை போனதும் பிரிவை வைத்துக்கொள்ள முடியவில்லை. ஜெஃப்ரி முயன்று பார்த்தார், நான் சாட்சி. என்னைக் கீழே கால்குலேட்டர் பிரிவுக்கு அனுப்பினார்கள். அக்காவை ஃபைல்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரியாக இருக்கச் சொன்னார்கள். சம்பளம் குறையாது என்றார்கள். அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

பிறகு புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கடை மாடியில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தார். எனக்குத் தெரிந்து, ஒருவர் பயன்படுத்தும்படியான புரோகிராமை அவர் மறுபடி எழுதவே இல்லை. அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்காது. அப்படி ஒரு கை.

மறுபடியும் மேல்தட்டு

அந்தக் கடைசி நாளுக்கு வருகிறேன்.

வேன் தயாராக நின்றது. அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு, “நான் ஃபெரியில போறன்” என்றார். நானும் அவரோடு நடந்தேன். ஜெட்டியில் காக் மூனா நின்றார். ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. மூன்று பேருக்குமாகக் கடலை வாங்கினார். பழைய மூலையிலேயே உட்கார்ந்தோம்.

ஃபெரி பாதிக் கடலைத் தாண்டியது. பிறகு காக் மூனா செருப்பைக் கழற்றினார்.

“புதுப் புரோகிராம் வந்துச்சு. பிங்கு பிங்குனு சத்தம் போடுது, அழகா இருக்கு. ஆனா அதுக்கு நோன்பு மாசம் தெரியாது. நான் கையால எழுதித் திருத்துறேன்.”

“அதுக்கு ரெண்டு நேர அட்டவணை வேணும். ஒண்டு நோன்புக்கு” என்றார் அக்கா.

“அடுத்த வாரம் பாரு, புதுசா பொண்ணுங்க வருது. மாக் மண்டின் பக்கம். அங்கே எங்கே நிப்பாட்டுறது?”

“சந்தைக்கு முன்னால ஏலாது. விடிய லொறி நிக்கும்.”

“அதான் நானும் சொல்றேன். கிளினிக்கிட்ட?”

“கிளினிக்கு முன்னால வண்டி திரும்ப முடியாது காக்” என்றேன் நான். “நான் போய்ப் பார்த்திருக்கேன். கொஞ்சம் தள்ளி, பால் கடை.”

“பால் கடைக்காரன் திட்டுவான்.”

“சொன்னாத் திட்ட மாட்டான். நீங்க சொல்லுங்க.”

“சரி, நான் சொல்றேன். அப்ப பால் கடை.”

“பால் கடை எண்டா, அதுக்கு முன்னால இருக்கிற ரெண்டு ஸ்டாப்பை மாத்திப் போடவேணும்” என்று அக்கா விரலால் காற்றில் கோடு போட்டார். கொஞ்சம் யோசித்தார். “ஓம், வரும். நாளைக்குக் காலமை வந்து மாத்திவிடுறன்.”

“நான் ஓட்டிப் பாத்துடறேன்” என்றேன்.

“தெரிமா காசி” என்று நன்றி சொன்னார் காக் மூனா, கடலைத் தூசியைத் தட்டிக்கொண்டே.

கீழே சங்கிலி அவிழ்ந்து, இறங்கு பலகை டமால் என்று விழுந்தது. எல்லாரும் எழுந்து நகர்ந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் எழவில்லை. அக்கா மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தார். மேலே இருந்த பிஸ்கட் டின்னின் மூடியை ஒரு தரம் அழுத்தி மூடினார்.

“இப்பிடி இருந்து கதைக்கிறதைத்தான் தம்பி ஒரு டின்னிலயும் போடாம விட்டிட்டம்” என்றார்.

காக் மூனாவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நான் கடலைப் பார்த்துக்கொண்டேன்.

பஸ் நிலையம் வரை பெட்டியை நான் தூக்கி வந்தேன். புக்கிட் மெர்தாஜாம் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. பெட்டியை வாங்கிக்கொண்டு ஏறினார். தூறல் விழ ஆரம்பித்தது. பஸ் நகரும்போது ஜன்னல் கண்ணாடியை மேலே தள்ளித் தலையை நீட்டினார்.

“தம்பி, அந்தக் கோயிலடி ஸ்டாப். மழை பெய்தா எங்க நிப்பினம்?”

“இப்ப தகரக் கூரை போட்டிருக்காங்கக்கா!” என்று கத்தினேன்.

“அப்ப சரி” என்றார். கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.